பன்னிரண்டாவது குரல்பதிவு

ஆசிரியர் அறையில் இணையவழி ஆங்கில வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் முதலில் வருவது புகார்தான். கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள், ஒருவன் எழுதிய கட்டுரையையே இருபது பேர் படமெடுத்து அனுப்பினார்கள், ‘டீச்சர், கேட்கவில்லை’ என்பதிலேயே பாதி வகுப்பு போனது. எல்லாம் உண்மை. நானும் புலம்பியவள்தான்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பாட ஒளிபரப்பு தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் தீர்ப்பது அப்போது எங்கள் வேலை. ஜூமில் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். வருகைப்பதிவுக்கே பாதி போய்விடும். தோப்பு வேலை முடிந்து அப்பா ஃபோனோடு வீடு திரும்பினால்தான் பலருக்கு வகுப்பே. காலையில் கேட்ட கேள்விக்கு இரவு பத்தரைக்குப் பதில் வரும்.

அப்படி ஓர் இரவில் ஒரு குரல்பதிவு வந்தது. வகுப்பில் வாயே திறக்காத எட்டாம் வகுப்புப் பையன், தன் வீட்டு ஆட்டைப் பற்றிப் பத்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் பேசியிருந்தான். நடுவில் பாட்டி இருமினார், அவன் நிறுத்தவில்லை. பள்ளி திறந்தபிறகு அவனிடம் கேட்டேன்.

“பதினொரு தடவை பேசி அழித்தேன் டீச்சர். பன்னிரண்டாவதுதான் உங்களுக்கு வந்தது. வகுப்பில் ஒரு தடவைதானே கிடைக்கும்?”

பல வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் இரண்டாவது தடவை கொடுத்ததாக நினைவில்லை.

செயலிகளைப் பற்றி அவர்களுக்கு என்னைவிடத் தெளிவு அதிகம். சத்தமாகப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் ரீட் அலாங் செயலியில் ஒரு சிறுமி நட்சத்திரம் சேர்ப்பதற்காக ஒரே குட்டிக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஏமாற்று வேலை என்று கடிந்துகொண்டேன். “நட்சத்திரத்துக்காகத்தான் டீச்சர். ஆனால் இப்போது திக்காமல் வருகிறது” என்றாள். மறுக்க முடியவில்லை.

அதற்காகச் செயலியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். ‘பேக்’ என்று பையைச் சொல்கிறார்களா, மூட்டை கட்டுவதைச் சொல்கிறார்களா என்பதே எங்கள் பிள்ளைகளின் வாயில் தெரியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. செயலி தவறு என்று காட்டும், மறுபடி படிக்கச் சொல்லும், மறுபடி தவறு என்று காட்டும். மலையாளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன், “ஓ, இதுவா!” என்று வகுப்பே சிரித்தது. இவர்களுக்கு மலையாளமும் தெரியும் என்பது செயலிக்கு எப்படித் தெரியும்?

வாய்மொழிப் பயிற்சியை இன்னமும் குரல்பதிவாகவே வாங்குகிறேன். சக ஆசிரியர்களுக்கு அது வேடிக்கை. நேற்றிரவு ஒரு மாணவியிடமிருந்து வந்தவை, வரிசையாக ஐந்து அழிக்கப்பட்ட பதிவுகள். முன்பானால் எரிச்சல் வந்திருக்கும். ஆறாவது வரட்டும் என்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.