போனி எம் சேகரிப்பு: மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 3, கிளிநொச்சி

போனி எம், எழுபதுகளில் ஜேர்மனியிலிருந்து வந்த டிஸ்கோக் குழு. அவர்கள் பாடிய பாட்டுகளின் வேறு வேறு வடிவங்களைத்தான் நான் சேர்க்கிறேன். கனடாவிலிருந்து மச்சாள் அவர்களின் 'ரஸ்புதின்' பாட்டின் இன்னொரு வடிவத்தை அனுப்பியிருக்கிறாள். பின்லாந்தின் துரிசாஸ் என்ற மெட்டல் குழு 2007இல் வெளியிட்டது. போனி எம் பாட்டை எடுத்து கிற்றாரை அலறவிட்டால் போதும் என்று நினைக்கிற குழுக்கள் நிறைய. இவர்கள் மெட்டை மதித்திருக்கிறார்கள். அந்த மெட்டே துருக்கியின் உஸ்குதார் நாட்டுப்பாட்டுக்கு மிக நெருக்கமானது. எத்தனை கை மாறினாலும் தாங்கும். சேகரிப்பில் சேர்த்தாயிற்று.

டிசம்பர் 8

மழை விடவில்லை. மாமா வந்திருந்தார். போனி எம்மை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில், மல்லாவியில் இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்ட காலம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டு இழுபடும், ஆள் மாறினால் துள்ளும். ஒரே பாட்டை அப்படி எத்தனை வேகங்களில் கேட்டிருப்போம்! ஒரு பாட்டுக்கு ஒரு வடிவம்தான் என்ற எண்ணம் எனக்கு வராமல் போனதற்கு அதுவே காரணம்.

இன்றைக்கு அவருக்கு மெலோடியன்ஸ் பாடிய 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்' போட்டுக் காட்டினேன். ஜமேக்காக்காரர்கள், 1970. போனி எம்முக்கு எட்டு வருடம் முந்தியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, சுத்துறவன் களைச்சுப்போன நேரத்துப் பாட்டு மாதிரிக் கிடக்கு. ஆனா இதுதான் சரி. திருப்பிப் போடு."

டிசம்பர் 14

அந்தப் பாட்டையே விட முடியவில்லை. அடிப்படை வேதாகமத்தின் 137ஆம் சங்கீதம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களின் பாட்டு. சிறைபிடித்தவர்கள் பாடச் சொல்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கேட்கிறார்கள் சிறைப்பட்டவர்கள். மெலோடியன்ஸ் ஜமேக்காவில் தோன்றிய ரஸ்தபாரி சமய நம்பிக்கையோடு 'கிங் அல்பா'வின் பாட்டு என்று பாடினார்கள். அந்தச் சமயத்தார் போற்றும் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசிதான் அந்தக் கிங் அல்பா. போனி எம் அந்த வரியை 'ஆண்டவரின் பாட்டு' என்று மாற்றியது. 1978இல் பிரித்தானியாவில் ஐந்து வாரம் முதலிடம்.

அழுகிற பாட்டை ஆட்டப் பாட்டாக்கிவிட்டார்கள் என்று குறை சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். பாடிய லிஸ் மிச்செல் ஜமேக்காவில் பிறந்து சின்ன வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். ஊரை விட்டவரின் குரல் அது. மல்லாவியில் வீடு வாசல் விட்டு வந்த சனம் அதற்குத் தாளம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் பாடகி லிண்டா ரொன்ஸ்டட் இதே பாட்டை 1976இல் வாத்தியமே இல்லாமல் பாடியிருக்கிறார், வெறும் குரல்கள். என் சேகரிப்பில் உச்சம் அதுதான். சப்ளைம் குழு 1992இல் செய்ததும் இருக்கிறது. நல்லது, ஆனால் அடிக்கடி கேட்பதில்லை.

டிசம்பர் 22

கரோல் பெடியள் வந்தார்கள். 'மேரிஸ் போய் சைல்ட்' மெட்டுக்குத் தமிழ் வரிகள், டோல்கி, சின்னக் கீபோட். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதி, 1956இல் ஹரி பெலபொன்டே பாடி, 1978 நத்தாருக்கு போனி எம் மூலம் உலகம் சுற்றிய பாட்டு எங்கள் படலையடியில்! போனில் பதிந்தேன். நடுவில் நாய் குரைக்கிறது, வெட்டப்போவதில்லை.

டிசம்பர் 30

போனி எம்மின் ஆட்டக்காரர் பொபி பரெல் இறந்த நாள். 2010இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில். அந்தப் பாட்டில் வரும் ரஷ்யச் சாமியார் ரஸ்புதின் கொல்லப்பட்டதும் அதே நகரில், 1916இல், இதே திகதியில். இசைத்தட்டில் கேட்கும் ஆண் குரல் பெரும்பாலும் தயாரிப்பாளர் பிராங்க் பரியனுடையது என்பதால் பரெலைச் சிலர் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஆட்டம் இல்லாமல் போனி எம் ஏது? அதனால்தான் அவர்போல் உடுத்தி ஆடும் அஞ்சலிக் குழுக்களின் காட்சிகளையும் சேர்க்கிறேன். அவர்கள் நினைவுகூருவது அவரை.

ஜனவரி 11

கோயில் பாடகர் குழுவின் அக்கா கேட்டார், தவக்காலத்துக்கு அந்தச் சங்கீதத்தைப் பாடலாமா, எந்த வடிவத்தைப் பார்த்துப் பழகுவது என்று. ரொன்ஸ்டட்டுடையதைக் கொடுத்தேன். புது வரிகள் எழுத வேண்டாம், தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே மெட்டில் இருத்திப் பார்ப்போம் என்று முடிவு. 'பாபிலோன் ஆறுகள் அருகே' என்பது அப்படியே பொருந்துகிறது. அடுத்த வரிதான் நீளம், அதை இரண்டு மூச்சாகப் பிரிக்க வேண்டும். சனிக்கிழமை ஒத்திகை.