கூட்டக் குறிப்பில் எழுதாமல் விட்ட காரணம்

ஒரு தேசிய விளையாட்டு அமைப்பின் தலைமைக் குழுவுக்குச் செயலராக எட்டு ஆண்டுகள் பணியாற்றினேன். நான் அந்தக் குழுவின் உறுப்பினர் அல்லேன். எனக்கு வாக்கு கிடையாது. கேட்டால் ஒழியக் கருத்துச் சொல்வதும் வழக்கமில்லை. நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது, அறிக்கைகளைக் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களிடம் சேர்ப்பது, அறைக்குள் நடந்ததைக் குறிப்பாக எழுதி ஒப்புதல் பெறுவது ஆகிய மூன்றும் என் பொறுப்புகள். அலுவலகத்தில் எல்லோரும் மினிட்ஸ் என்று சொல்லும் அந்தக் குறிப்புகளில் நான் எழுதிய ஒரு வரிதான், என் பணிக்காலத்தில் மற்ற எதையும் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

அறையில் ஏழு பேர் அமர்வார்கள். தலைமை நிர்வாகி, உயர்திறன் பிரிவின் இயக்குநர், நிதி இயக்குநர், விளையாட்டு அறிவியல் மற்றும் மருத்துவப் பிரிவின் தலைவர், பயிற்சி மையங்களின் பொறுப்பாளர், சட்ட ஆலோசகர், வீரர் நலப் பிரிவின் தலைவர். இப்படி ஒரு குழு கூடினால் விளையாட்டைப் பற்றித்தான் பேசும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நேரம் காலியாக இருக்கும் இயன்முறை மருத்துவர் பணியிடங்கள், தணிக்கை ஆட்சேபங்கள், பயிற்சி அரங்கின் கூரைப் பழுது, விளையாட்டுக் கூட்டமைப்புகள் தாக்கல் செய்யாத கணக்குகள் ஆகியவற்றிலேயே கழியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இயன்முறை மருத்துவர் இல்லாத முகாமில் ஒரு தசைநார்க் காயம் மூன்று வாரத்தில் ஆறாமல் மூன்று மாதம் இழுக்கும். இரண்டு மாதத்துக்கும் மேலான அந்த வேறுபாட்டில் ஒரு வீராங்கனை தகுதிச் சுற்றையே இழந்துவிடக்கூடும்.

அந்த ஏழு பேரில் இருவருக்கு இடையிலான இழுபறிதான் பெரும்பாலான முடிவுகளை உருவாக்கியது. உயர்திறன் இயக்குநர் முன்னாள் வீரர். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதில் உள்ள மனிதர்களை முகம் முகமாக நினைவில் கொண்டுவருபவர். நிதி இயக்குநர் விளையாடியவர் அல்லர், ஆனால் ஒரு தொகையை ஓரிடத்தில் கொடுத்தால் வேறு எங்கோ அது குறைகிறது என்பதைக் குழுவுக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டியவர் அவர்தான். தொடக்கத்தில் எனக்கு முதலாமவர் மீதுதான் மதிப்பு இருந்தது. நாள் செல்லச் செல்ல, இரண்டாமவரின் கேள்விகள் இல்லாதிருந்தால் நிதி முழுவதும் உரக்கப் பேசும் கூட்டமைப்புகளுக்கே போயிருக்கும் என்பதைப் புரிந்துகொண்டேன்.

இத்தகைய குழுவின் பணியில் மிகக் கடினமானது காலக்கணக்கு. தலைமைப் பதவிகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உரியவை. ஒலிம்பிக் சுற்று நான்கு ஆண்டுகள். பதின்பருவத்தில் அடையாளம் காணப்பட்ட ஒருவர் உலகத் தரத்தை எட்டுவதற்கோ இரண்டு சுற்றுகளுக்கு மேல் ஆகலாம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா ஒரு தங்கம்கூட வெல்லாமல் திரும்பியது. அந்த வேதனையின் விளைவாக 1981இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. சிட்னியில் அந்நாடு 16 தங்கத்துடன் 58 பதக்கங்களை வென்றது 2000இல். பிரிட்டன் 1996 அட்லான்டாவில் ஒரே ஒரு தங்கத்துடன் பட்டியலில் 36ஆம் இடத்தில் நின்றது. அடுத்த ஆண்டு முதல் லாட்டரி வருவாய் உயர்நிலை விளையாட்டுக்குத் திருப்பப்பட்டு, யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பின் வழியே வழங்கப்பட்டது. லண்டனில் 29 தங்கம் வந்தபோது ஆண்டு 2012 ஆகியிருந்தது. விதைத்தவர் எவரும் அறுவடையின்போது அதே நாற்காலியில் இருப்பதில்லை. அதனால் ஒரு முடிவை எடுத்தவருக்கும் அதன் விளைவைப் பெற்றுக்கொள்பவருக்கும் இடையே மிஞ்சுவது எழுத்து மட்டுமே. இதை நான் அந்த வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன், அதுவும் என் தவறின் மூலம்.

ஒலிம்பிக் சுற்று ஒன்று முடிந்து அடுத்த சுற்றுக்கான நிதிப் பங்கீட்டைத் தீர்மானிக்கும் கூட்டம் அது. நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக இருந்தது பெண்கள் துடுப்புப் படகு அணி. நால்வர் படகு. உலக அளவில் முதல் எட்டு இடங்களுக்குள் வரும் நிலையை அவர்கள் இன்னும் எட்டவில்லை, ஆனால் ஆண்டுதோறும் நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைமைப் பயிற்சியாளர் ஒப்பந்தம் முடிந்து தம் நாட்டுக்குத் திரும்ப முடிவு செய்திருந்தார். அவருக்கு இணையான ஒருவரை அமர்த்தப் பணமும் இல்லை, ஆளும் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் இல்லாமல் முகாமை நடத்துவது வீராங்கனைகளுக்கு நியாயமல்ல என்று ஒருவர் சொன்னார். அந்தத் தொகையை வேறு அணிக்கு மாற்றலாம் என்று இன்னொருவர் சொன்னார். உயர்திறன் இயக்குநர் மட்டும் ஓர் ஆண்டு அவகாசம் கேட்டார். இருபது நிமிடத்தில் விவாதம் முடிந்தது. ஆதரவை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

அன்று மாலை நான் எழுதிய வரி இது: 'விரிவான விவாதத்துக்குப் பின், செயல்திறன் அளவுகோல்களின் அடிப்படையில், இவ்வணிக்கான ஆதரவை அடுத்த சுற்றில் தொடர வேண்டியதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது.' பயிற்சியாளரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓர் ஆண்டு அவகாசம் கேட்கப்பட்டதும் இல்லை. அப்படி எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. மற்ற எட்டு அணிகளுக்கும் செயல்திறன் அளவுகோல்தான் காரணமாக இருந்தது; அதே வாய்பாட்டை இங்கும் இட்டுவிட்டேன். எழுவரும் படித்து ஒப்புதல் அளித்தார்கள். அந்த வாசகமே கூட்டமைப்புக்குக் கடிதமாகப் போயிற்று. அங்கிருந்து அந்தப் பெண்களின் கைக்குப் போயிற்று.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதற்குள் தலைமை நிர்வாகியும் உயர்திறன் இயக்குநரும் மாறிவிட்ட நிலையில், அந்த அணியில் இருந்த ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முறையீடு அல்ல, அதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டது. அவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார்: நாங்கள் இன்னும் எத்தனை விநாடி வேகமாக வந்திருந்தால் ஆதரவு தொடர்ந்திருக்கும்? அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் தம்மால் துடுப்பைக் கீழே வைக்க முடியவில்லை என்றும், நால்வரில் மற்ற மூவர் தாங்கள் போதாதவர்கள் என்று முடிவு செய்து விளையாட்டை விட்டே விலகிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார்.

புதிய தலைமை நிர்வாகி பழைய குறிப்பை வரவழைத்துப் படித்தார். அதில் எண் எதுவும் இல்லை. என்னை அழைத்து, 'ஐயா, நீங்கள்தானே அன்று அறையில் இருந்தீர்கள், அளவுகோல் என்ன?' என்று கேட்டார். அப்படி ஓர் எண்ணே கிடையாது, காரணம் பயிற்சியாளர் இல்லாமல் போனது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நான்கு இளம் பெண்களிடம், எங்களால் உங்களுக்கு ஒரு பயிற்சியாளரைத் தேடித் தர இயலவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், நீங்கள் போதிய வேகத்தில் இல்லை என்று ஓர் அமைப்பே சொல்லிவிட்டது. அமைப்பின் சார்பில் அதைச் சொன்னது என் பேனா.

அவர் அந்த வீராங்கனையை நேரில் அழைத்து உண்மையைச் சொன்னார். நானும் உடனிருந்து, எழுதியவன் நான் என்று ஒப்புக்கொண்டேன். அந்த வீராங்கனை கோபப்படவில்லை. மற்ற மூவருக்கும் இதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். கொடுத்தோம்.

அதற்குப் பிறகு குழுவின் நடைமுறையில் மூன்று மாற்றங்கள் வந்தன. ஆதரவை நிறுத்தும் அல்லது குறைக்கும் எந்த முடிவுக்கும் காரணம் தனிப் பத்தியாக, சம்பந்தப்பட்ட வீரர் படித்தால் விளங்கும் மொழியில் எழுதப்பட வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் அதுவும், சொன்னவர் விரும்பினால் அவர் பெயருடன், பதிவாக வேண்டும். செய்தி வெளியாவதற்கு முன் தலைமைக் குழுவைச் சேர்ந்த இருவர் அணியை நேரில் சந்தித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. பயிற்சி மையங்கள் தொலைவில் இருக்கின்றன, நேரம் இல்லை என்றார்கள். கடிதத்தில் எளிதாக எழுதிவிடக்கூடிய சில வாக்கியங்களை எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே உண்மையான தடை என்று நான் கருதுகிறேன். அப்படிச் சொல்ல முடியாத வாக்கியங்கள் மெல்ல மெல்ல அறிக்கைகளிலிருந்தும் மறைந்தன.

நிதி நிறுத்தம் எங்கும் வலி தருவதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் பாட்மிண்டன் ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் அவ்விளையாட்டுக்கான அடுத்த சுற்று நிதி நிறுத்தப்பட்டது. அதே ரியோவில் 7 பதக்கங்கள் வென்ற பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்தவை குறித்துப் பின்னர் சுயாதீன விசாரணை அமைக்க வேண்டியிருந்தது. 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை அனுப்பினார்கள். இளம் வீராங்கனைகள் எடை குறித்தும் வலி குறித்தும் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை 2022இல் வெளியான அந்த அறிக்கை விவரித்தது. அதைப் படித்த வாரத்தில் எங்கள் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். வீரர் நலம் எப்போதும் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் நேரம் அது. நலப் பிரிவின் தலைவர் நான்கு நிமிடத்தில் பேசி முடிப்பார், கேள்விகள் இருக்காது. அதை முதல் இடத்துக்கு மாற்றலாமா என்று தலைமை நிர்வாகியிடம் கேட்டேன், மாற்றினார். முதல் இடத்துக்கு வந்த முதல் கூட்டத்திலேயே அது நாற்பது நிமிடம் நீடித்தது, ஏனெனில் அதுவரை எழுத்தில் மட்டும் இருந்த புகார் ஒன்றை அன்றுதான் எழுவரும் முழுமையாகக் கேட்டார்கள்.

நான்காம் இடத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா 6 பதக்கங்களை வென்றது. அதே போட்டிகளில் ஆறு முறை நான்காம் இடத்திலும் முடிந்தது. மீராபாய் சானு மொத்தமாகத் தூக்கியது 199 கிலோ. வெண்கலம் பெற்றவர் தூக்கியது 200. பதக்கப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பேசும் ஒரு தலைமைக் குழுவுக்கு அந்த ஒரு கிலோ தோல்வியாகத் தெரியும். பயிற்சி, உணவு, மருத்துவம், உளவியல் ஆகியவை சரியான திசையில் செல்கின்றனவா என்று பார்க்கும் குழுவுக்கு அது வேறு செய்தியைச் சொல்லும். எங்கள் குழுவிலும் இந்த இரு பார்வைகளும் மோதின. இறுதிப் போட்டி வரை சென்று பதக்கம் பெறாதவர்களுக்கென ஆய்வறிக்கையில் தனிப் பகுதி வேண்டும் என்று அறிவியல் பிரிவின் தலைவர் இரண்டு ஆண்டுகள் விடாமல் கேட்டார். அவரது பிடிவாதத்தின் மதிப்பு அன்று பலருக்குத் தெரியவில்லை; எனக்கு இப்போது மிக நன்றாகத் தெரிகிறது.

என் கடைசிக் கூட்டத்திலும் ஓர் அணிக்கு ஆதரவு குறைக்கப்பட்டது. காரணப் பத்தி பதினைந்து வரிகள் வந்தது. இருவர் நேரில் சென்று அதை வாசித்துக் காட்டினார்கள். அணித் தலைவி அதை ஏற்கவில்லை. ஆனால் அதில் இருந்த இரண்டு எண்களைச் சுட்டி, ஒன்று எங்களுடைய நேரமே அல்ல, முந்தைய ஆண்டு இளையோர் அணியின் நேரம் என்றார். சரிபார்த்தோம். அவர் சொன்னதே சரி. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்த முடிவு மறுபரிசீலனைக்கு முதல் பொருளாகச் சேர்க்கப்பட்டது. அந்த நிரலைத் தட்டச்சு செய்து, எனக்குப் பின் வந்தவரின் மேசையில் வைத்துவிட்டு அலுவலகத்திலிருந்து புறப்பட்டேன்.