சுனாமி அன்னிக்கு எங்கே இருந்தீங்க?

2004 டிசம்பர் 26 பற்றி வீட்டுப் பெரியவர்களிடமோ கடலோர ஊர்க்காரர்களிடமோ கேட்டுப் பதிவு செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் ‘சுனாமி வந்தப்போ என்ன நடந்தது?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பதிவு அங்கேயே கெட்டுவிடுகிறது. அன்று காலை ஒன்பது மணிக்குக் கரையில் யார் வாயிலும் ‘சுனாமி’ என்ற சொல் கிடையாது. ‘கடல் பொங்கிருச்சு’, ‘கடல் உள்ள வந்துருச்சு’ என்றுதான் கத்திக்கொண்டு ஓடினார்கள். சுனாமி என்று நீங்கள் கேட்டால், டிவியும் பேப்பரும் பிறகு சொன்னதெல்லாம் கலந்து, வருஷா வருஷம் மைக் முன்னால் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பேட்டிதான் திரும்பக் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய அரை மணி நேரம்.

ஆகவே முதல் கேள்வி: ‘அன்னிக்குக் காலையில அடுப்புல என்ன இருந்துச்சு?’ கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, மார்கழி 11. ஞாயிறு என்பதால் மீன் வாங்க ஆள் கூடும் நாள். பெண்கள் கரையில் கூடையோடு இருந்தார்கள், பள்ளி இல்லாத பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் கலையவில்லை. இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் தொடங்கினால், இடமும் கூட இருந்த ஆட்களும் தாமாக வந்து விழுவார்கள். பிறகு வரிசையாகப் போகலாம்: எங்கே நின்றீர்கள், கையில் என்ன வேலை, முதலில் யார் சொன்னார்கள் அல்லது எது காதில் விழுந்தது, உடம்பு என்ன செய்தது, எந்தப் பக்கம் ஓடினீர்கள். ‘எத்தனை மணி?’ என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இடம் நினைவில் நிற்கிற அளவுக்கு நேரம் நிற்பதில்லை.

நேரம் ஏன் குழம்புகிறது என்பதற்கு ஓர் உதாரணம். சுமத்ராவுக்கு மேற்கே பூமி அதிர்ந்தது இந்திய நேரம் காலை 6:28. அதன் லேசான ஆட்டத்தைச் சென்னையிலும் சிலர் உணர்ந்து அடுக்குமாடியை விட்டு இறங்கி வந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் அலை பதிவானது ஒன்பது மணியைத் தாண்டிச் சில நிமிடத்தில். நடுவில் இரண்டரை மணி நேரம். ‘கட்டில் ஆடுச்சு, கொஞ்ச நேரத்துல தண்ணி வந்துருச்சு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை; நடுவில் இட்லி தின்றதும் துணி துவைத்ததும் நினைவுக்குப் பிரயோஜனம் இல்லாததால் உதிர்ந்துவிட்டன. மேற்குக் கரைக்குப் போகப் போக நேரம் தள்ளிப்போகும். கொச்சியில் பதினொரு மணியைத் தாண்டியது. கன்னியாகுமரிக்காரர் சொல்லும் நேரத்தை நாகப்பட்டினக் கணக்கில் வைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

இலங்கைக்காரர்களிடம் கேட்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 2004இல் இலங்கையின் அரசுக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முன்னே ஓடியது. 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்தோடு மறுபடி ஒன்றானது. ஆனால் கடிகாரத்தை முன்னே தள்ளிய மாற்றத்தைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் ஏற்கவே இல்லை, பழைய நேரமே நடந்தது. மட்டக்களப்பு நகரத்தில் இருந்தவர் ஒன்பது என்பதும் முல்லைத்தீவில் இருந்தவர் எட்டரை என்பதும் ஒரே கணமாக இருக்கலாம். ‘எந்தக் கடிகாரம்?’ என்று கேட்டு எழுதுங்கள்.

நேரத்தைப் பிடிக்க நல்ல கொக்கி கிரிக்கெட். அன்று விடிகாலையிலேயே டிவி முன் உட்கார்ந்தவர்கள் பார்த்தது ஆஸ்திரேலியா–பாகிஸ்தான் மெல்போர்ன் டெஸ்ட்டின் முதல் நாள். அதே நாள் டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 15 ரன்னில் தோற்றது. சோகத்தில் மேட்ச் பார்த்ததைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்; நீங்களே எடுத்துக் கொடுத்தால் சொல்வார்கள்.

இனி, கலந்துபோகும் நாட்கள். டிசம்பர் 30 அன்று மத்திய அரசு மறுபடி அலை வரலாம் என்று எச்சரிக்கை விட்டது. கரையோரம் முழுக்க ஜனம் மேற்கே ஓடியது, அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய அதிர்வு, சென்னையில் ஆபீஸ்களை விட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். ‘ஓடினோம்’ என்ற நினைவு இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று பிரித்தாக வேண்டும். தண்ணீர் காலில் பட்டதா, பிணம் பார்த்தீர்களா, உடுப்பு மாற்ற வீட்டுக்குத் திரும்ப முடிந்ததா என்று கேட்டாலே பிரிந்துவிடும். போன் பற்றிய பேச்சும் உதவும். வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததாகச் சொன்னால் அது 2004 ஆக இருக்கவே முடியாது.

படங்களும் அப்படித்தான். வீடுகளையும் கார்களையும் சுமந்துகொண்டு கறுப்புத் தண்ணீர் வயலில் ஊர்ந்து போகும் காட்சியை ‘அன்னிக்கே டிவியில பாத்தேன்’ என்பார்கள். அது 2011 மார்ச் 11, ஜப்பான். இதனால்தான் பேச்சு முடியும்வரை போட்டோ, வீடியோ எதையும் காட்டாதீர்கள் என்கிறேன். பழைய ஆல்பத்தைக்கூடப் பிறகுதான் திறக்க வேண்டும்.

நினைவு தப்புவது கல்வி இல்லாததாலோ வயதாலோ அல்ல. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசரும் நிகோல் ஹார்ஷும் 106 மாணவர்களிடம் ‘எங்கே, எப்படிக் கேள்விப்பட்டாய்’ என்று எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் அதையே கேட்டபோது, நாலில் ஒருவர் சொன்னது அடியோடு தப்பு. தப்பாகச் சொன்னவர்களும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. உறுதியாகச் சொல்கிறார் என்பதற்காக நம்பவும் வேண்டாம், தடுமாறுகிறார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். ஆனால் இது தூரத்தில் இருந்து செய்தி கேட்டவர்களிடம் செய்த சோதனை. கழுத்தளவு தண்ணீரில் நின்றவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அலையின் உயரம் கேட்டால் ‘தென்னமர உயரம்’ என்பார்கள். தமிழகக் கரையில் பிறகு அளந்தபோது கிடைத்தவை பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள். வாதாட வேண்டாம். வீட்டுக்கே கூட்டிப்போய், தண்ணீர் சுவரில் எதுவரை நின்றது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: ஜன்னல் கட்டையா, சன்ஷேடா, சுவிட்ச் போர்டா. அங்கிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். வீடு இடிந்துபோயிருந்தால் அவர் உடம்பையே அளவுகோலாக்குங்கள்: முட்டியா, இடுப்பா, கழுத்தா. இன்னொன்று, ‘கடல் முதல்ல உள்வாங்குச்சு’ என்பது. நம் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது நீர் ஏற்றம். முதலில் உள்வாங்கியது தாய்லாந்துப் பக்கம். மாமல்லபுரத்தில் பாறைகள் தெரிந்ததுபோல இங்கே கடல் பின்வாங்கியது பெரும்பாலும் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவில். ‘உள்வாங்குறதுக்கு முன்னாடி தரை ஈரமா இருந்துச்சா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

கடலில் இருந்தவர்களிடம் ‘அலை எவ்வளவு பெருசு?’ என்றால் ‘ஒண்ணுமே தெரியல’ என்பார்கள். சரிதான், ஆழத்தில் அலை எழும்பாது. அவர்களிடம் கேட்க வேண்டியது எத்தனை பாகம் (மீனவர்களின் ஆழக் கணக்கு) தண்ணீரில் இருந்தார்கள், திரும்பும்போது எந்த இடத்தில் மிதந்து வந்த பொருளை முதலில் பார்த்தார்கள் என்று.

ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கையில் வேண்டும், பேனா வேண்டாம். கடலை ஒரு ஓரமாகக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, கோயில், கிணறு, தார்ரோடு, அவர் வீடு, ஓடின வழி எல்லாம் அவரையே போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்பவர்கள் புளியங்கொட்டையும் தீக்குச்சியும் வைத்துத் தரையிலேயே ஊரைக் காட்டிவிடுவார்கள். அதை மேலிருந்து படம் எடுங்கள்.

புருஷனையும் பெண்டாட்டியையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். ‘நீ அப்ப அங்க இல்லடி’ என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் கதை அங்கேயே நின்றுவிடும். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அழுகை வந்தால் ரெக்கார்டரை நிறுத்தவா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்கு அந்த இடம்தான் பதிவாக வேண்டியது. டிசம்பர் 26 அன்று போகவே கூடாது. மெழுகுவர்த்தியும் கேமராவும் நிறைந்த நாள் அது.

கருவி விஷயம் சுருக்கமாக. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு சாண் தூரத்தில் துண்டின் மேல் வையுங்கள்; வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடிபோல் விழும். பேச்சைக் கெடுப்பதில் முதல் எதிரி சீலிங் ஃபேன், அடுத்தது கடல் காற்று. கரையில் நின்று பேசினால் படம் நன்றாக இருக்கும், ஒலி எதற்கும் ஆகாது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே தேதி, ஊர், அவர் அன்று இருந்த வயது, யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்ற சம்மதம் எல்லாம் அவர் குரலிலேயே பதிவாகட்டும்.

எழுத்தாக்கும்போது ‘பொங்கிருச்சு’ என்பதை ‘பொங்கியது’ ஆக்காதீர்கள். சரிபார்த்ததில் நேரமோ நாளோ தப்பு என்று தெரிந்தால், அவர் சொன்னதைத் தொடாமல் பக்கத்தில் தனிக் குறிப்பாகப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். முதல் பதிவை முன்கூட்டிப் போட்டுக் காட்டாமல். இரண்டாம் தடவைதான் ஓடும்போது கையை விட்டது யார் என்று வரும்.