நம்ம சர்வர்தானே

“அண்ணா, ஆக்சஸ் லாக்ல டோக்கன் முழுசா விழுகுது. பரவாயில்லீங்களா?”

“நம்ம சர்வர்தானே, வேற யார் பார்க்கப் போறா?”

“சரிங்ணா.”

பேச்சு இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாதம். சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் ஆக்சஸ் லாக்கைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளரின் குளிர் அறைகளில் இருந்த ஒவ்வொரு கருவியும் வெப்பநிலையை அனுப்ப அனுப்ப ஒரு வரி விழும். அதில் உள்ள முகவரியில் கேள்விக்குறிக்கு அப்புறம் ‘ஈ-ஒய்-ஜே’ என்று தொடங்கி, திரையில் மூன்று வரியை அடைத்துக்கொண்டு, கருவியை உள்ளே விடும் அனுமதிச் சீட்டான டோக்கன் நிற்கும். ஜேடபிள்யூடி (JWT) என்ற வகை டோக்கன்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் தொடங்கும். உள்ளே முதலில் இருக்கும் நெளிவு அடைப்பும் மேற்கோள் குறியும் பேஸ்64 என்ற எழுத்து மாற்று முறையில் அந்த எழுத்துகளாக மாறிவிடுகின்றன. ஒருமுறை பார்த்துப் பழகியவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். எனக்கும் தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

அன்று காலையிலிருந்து நான் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் ‘ஆத் ரிக்வெஸ்ட்’ என்ற அதன் வசதி மூலம் எங்கள் சின்ன சரிபார்ப்புச் சேவைக்கு ஓர் உள்கோரிக்கை போகும். அது 200 என்றால் உள்ளே விடும், 401 அல்லது 403 என்றால் திருப்பி அனுப்பும். கோரிக்கையின் தலைப்பகுதியான ஹெடரில் டோக்கன் வந்தால் சிக்கலே இல்லை. யூஆர்எல்லில், அதாவது முகவரியிலேயே, வந்தால் மட்டும் சேவைக்கு வெறும் காற்றுதான் போய்ச் சேர்ந்தது. மதியம்தான் பிடிபட்டது: கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது அந்த உள்கோரிக்கைக்குக் கூடவே வராது. வெளிக்கோரிக்கையிலேயே அதை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ‘செட்’ வரி. போட்டதும் கருவிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் அவள் கேட்டாள். ஜெயித்த நேரத்தில் ஒரு குறை வந்து நின்றால் என்ன பதில் வருமோ, அதுதான் என் வாயிலிருந்து வந்தது.

சரி, யூஆர்எல்லில் டோக்கனை வைத்ததே தப்பா? அந்தக் கருவிகள் மருந்து மொத்த வியாபாரி ஒருவருடைய குளிர் அறைகளில் இருந்தவை. இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால் அங்கே சுவரில் மாட்டியிருந்தார்கள். அமைப்புப் பக்கத்தில் முகவரி எழுத ஒரே ஒரு பெட்டி. ஹெடர் சேர்க்க வழியே கிடையாது. 43 கருவிகளையும் மாற்றச் சொல்ல நான் யார்? இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6750 கூட, ஹெடரிலோ கோரிக்கையின் உடலிலோ அனுப்பவே முடியாத நிலையில் யூஆர்எல்லில் அனுப்ப இடம் தருகிறது. அந்த வரியை நான் அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஒட்டியிருந்தேன். அதே பத்தியில், யூஆர்எல் லாக்கில் பதிவாக வாய்ப்பு அதிகம், அதனால் இந்த வழியைத் தவிர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதை ஒட்டவில்லை. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 அந்த இடைவெளியையும் அடைத்து, யூஆர்எல்லில் அனுப்பவே கூடாது என்று சொல்லிவிட்டது. நாங்கள் செய்தது அதற்கு முன்னால். இதையும் ஒரு நியாயமாகத்தான் எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

ஐந்து மாதம் கழித்து சர்வர் மந்தமானது. காரணம் கண்டுபிடிக்க வெளியாள் ஒருவரை வைத்தோம். அவர் லாக் கேட்டார். உபுண்டு இயங்குதளத்தில் என்ஜின்எக்ஸ் லாக்குகள் வழக்கமாக 14 நாள் வரை இருக்கும். அவ்வளவையும் சுருக்கி, ஒரு லிங்க் போட்டு அனுப்பினேன். அனுப்பியது நான்தான், வேறு யாரும் இல்லை. மறுநாள் அவர் போன் செய்து, “சார், லாக்ல டோக்கனெல்லாம் கிடக்குது, பார்த்துக்குங்க” என்றார். குரலில் நக்கல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

திருடி என்ன செய்துவிட முடியும் என்று அன்று இரவு கணக்குப் போட்டேன். போலி வெப்பநிலை அனுப்பலாம். அவ்வளவுதானே என்று நினைத்தபோது டோக்கனைப் பிரித்துப் பார்த்தேன். அதன் அதிகார எல்லையைச் சொல்லும் ஸ்கோப்பில் ‘எழுத’ மட்டும் போதும் என்ற இடத்தில் ‘படிக்க, எழுத’ என்று இருந்தது. காலாவதி ஒரு வருடம். கருவியால் தானாகப் புதுப்பித்துக்கொள்ள முடியாது என்பதால் நானே போட்ட வருடம் அது. அப்புறம் ‘அவ்வளவுதானே’ என்பதும் நிற்கவில்லை. 11 டிகிரிக்குப் போன அறை 5 டிகிரி என்று காட்டினால் மருந்து கெட்டது யாருக்குத் தெரியும்?

எங்கள் சேவை டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தையும் காலாவதியையும் மட்டும்தான் பார்த்தது. ரத்தான டோக்கன்களின் பட்டியல் என்று எதுவும் வைத்திருக்கவில்லை. அதனால் எல்லா டோக்கனுக்கும் கையெழுத்துப் போடும் சாவியையே மாற்ற வேண்டியதானது. மாற்றிய நொடியில் 43 கருவிகளும் ஊமையாகிவிடும் என்பதால் பழையது, புதியது இரண்டையும் ஒன்பது நாள் ஏற்றுக்கொண்டோம். கசிந்த டோக்கன் செல்லும் என்று தெரிந்தே கழித்த ஒன்பது நாள். ஒவ்வொரு குளிர் அறைக்கும் போய், லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, புது முகவரியை ஒட்ட வேண்டும். ஈரோடு, சேலம் பக்கம் இருந்த 16 கருவிகளுக்கு அவள்தான் பஸ்ஸில் போனாள். ஒவ்வொன்று முடிந்ததும் ‘முடிஞ்சுதுங்ணா’ என்று மெசேஜ் வரும். பதினாறு முறை வந்தது. ஒன்றில்கூட வேறு ஒரு வார்த்தை இல்லை.

லாக்கைச் சரிசெய்ய எடுத்தது ஐந்து நிமிடம். லாக் வடிவத்தில் முழுக் கோரிக்கை வரிக்குப் பதிலாகப் பாதையை மட்டும் எழுதச் சொன்னேன். கேள்விக்குறிக்கு அப்புறம் இருப்பது நின்றுபோனது. அவள் கேட்ட அன்றும் இதே ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இதில் எதுவும் இல்லை. நடந்ததைப் பற்றி மேலே ஓர் அறிக்கை கேட்டார்கள். ‘லாக்கில் டோக்கன் பதிவாவது சோதனையின்போது யார் கவனத்துக்கும் வரவில்லை’ என்று எழுதினேன். கை தயங்கவே இல்லை. எழுதி முடித்து இரண்டு முறை படித்தேன், சரியாகத்தான் இருந்தது.

அவள் பெயரை இழுத்திருந்தால், ‘தெரிந்திருந்தும் ஏன் மேலே சொல்லவில்லை’ என்று அவளையும்தான் கேட்டிருப்பார்கள். புதுப் பெண், அவளை எதற்கு மாட்டிவிட வேண்டும்? இது உண்மையான காரணம்தான். முதலில் தோன்றிய காரணமா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. பெயரே போடாமல், ‘ஒருவர் சுட்டிக்காட்டினார், நான் பொருட்படுத்தவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வரி எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

அறிக்கை அவளுக்கும் நகல் போனது. படித்திருப்பாள், எதையும் வரி விடாமல் படிக்கிறவள். அடுத்த தடவை அவள் என்னிடம் எதையாவது கேட்பாளா என்று கவனிக்க ஆரம்பித்தேன். கேட்டாள், லீவு, லேப்டாப் சார்ஜர், வாடிக்கையாளர் எண் என்று. ‘பரவாயில்லீங்களா’ என்று முடியும் கேள்வி ஒன்றும் வந்ததாக ஞாபகம் இல்லை. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ. வேலை கற்றுக்கொண்ட பிறகு எல்லோருக்கும் கேள்வி குறையும்தானே. எட்டு மாதம் கழித்து சென்னையில் வேறு வேலை கிடைத்துப் போனாள். கடைசி நாள் கேக் வெட்டினோம், என்னிடம்தான் முதலில் துண்டை நீட்டினாள்.

அவள் போன பிறகு ஒருநாள் எரர் லாக்கைத் திறந்தேன். ஏதோ ஒரு கருவி நேரம் கடந்து துண்டித்திருந்தது. அந்தப் பிழை வரியின் நடுவே, முழுக் கோரிக்கையும், ‘ஈ-ஒய்-ஜே’யும். ஆக்சஸ் லாக்கின் வடிவத்தை நாம் மாற்றலாம், எரர் லாக்குக்கு அந்த வசதி கிடையாது. நான் அடைத்தது ஒரு ஓட்டையைத்தான். அவள் பார்த்திருந்தால் கண்டிப்பாகக் கேட்டிருப்பாள். ஒருவேளை பார்த்திருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம்.

இப்போது பாதிக்கு மேல் கருவிகளை ஹெடர் அனுப்பக்கூடிய புது மாடலுக்கு மாற்றிவிட்டார்கள். 11 கருவிகள் இன்னும் பழசுதான். எரர் லாக்கின் படிக்கும் உரிமையைக் குறைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் முடிந்தது.

அறிக்கை பொது டிரைவில் அப்படியே இருக்கிறது. போன வாரம்கூடத் திறந்து, ‘யார் கவனத்துக்கும்’ என்ற இடத்தில் கர்சரை வைத்தேன். திருத்தும் உரிமை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.