வேலைக்காக யாருக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள்?

மற்ற நிறுவனங்களுக்கு வேலையாட்களை அனுப்பும் மேன்பவர் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு ஆட்களைவிட ஃபைல்கள்தான் அதிகம் பழக்கம். அடையாள அட்டை நகல், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், வங்கி விவரம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் இருந்துவிட்டால் ஆள் தயார் என்று கிளையன்டுக்கு, அதாவது ஆள் கேட்ட நிறுவனத்துக்கு, மெயில் போய்விடும். ஆட்சேர்ப்பு, சம்பளப் பட்டுவாடா, ஆடிட் என்று இந்தத் தொழிலில் பல நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒரு தொழிலாளியை யாரோ சுரண்டுகிறார்கள் என்பது ஃபைலைப் புரட்டினால் தெரியாது. சொல்லப்போனால், சுரண்டுகிறவர்கள் கொண்டுவருகிற ஃபைலில்தான் ஒரு குறையும் இருக்காது. விஷயம் வெளியே வர வேண்டுமென்றால் அந்த மனிதரைத் தனியாக உட்காரவைத்து, அவருக்குப் புரியும் மொழியில், இந்த வேலைக்காக யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

நவீன அடிமைத்தனம் என்றதும் பூட்டிய அறையும் அடியாட்களும்தான் பலருக்கு மனதில் வருகின்றன. அப்படியும் நடக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் கட்டிப்போடுகிற கயிறு பெரும்பாலும் கடன்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகம் முழுவதும் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். கட்டாய உழைப்பைக் கண்டுகொள்ள அந்த அமைப்பு 11 அடையாளங்களைச் சொல்கிறது. ஏமாற்றுதல், அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனில் சிக்கவைத்தல், அளவு மீறிய ஓவர்டைம் என்று போகும் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஒரு மேன்பவர் அலுவலகத்தின் மேஜையிலிருந்தே பார்க்கக்கூடியவை. பார்க்க மனசு வேண்டும், அவ்வளவுதான்.

கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை வாங்கித் தருவதாக ஒருவர் வருகிறார். பதிவுக் கட்டணம், மெடிக்கல், பயிற்சி, பேப்பர் வேலை, டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கையில் பணம் இல்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார். பல நேரங்களில் அந்த ஏஜென்டிடமே வாங்குகிறார். வேலைக்கு வந்து சேர்ந்த பிறகு சொன்ன வேலை இல்லை, சொன்ன சம்பளம் இல்லை. ஆனாலும் விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் சொல்லவும் முடியாது, வேலை போனால் கடனை எப்படி அடைப்பது? கதவைப் பூட்ட வேண்டிய தேவையே சுரண்டுகிறவருக்கு இல்லை.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. தனியார் வேலைவாய்ப்பு முகமைகளுக்கான 1997ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை, தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று 7ஆவது பிரிவில் சொல்கிறது. சில வகையினருக்கும் குறிப்பிட்ட சில சேவைகளுக்கும் மட்டும் அரசு விலக்கு தரலாம். உடன்படிக்கையை ஏற்காத நாடுகள் நிறைய உண்டு என்பது தனிக் கதை. மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, திறன் தேர்வு, பயிற்சி, பயணம், நிர்வாகச் செலவு எல்லாமே ஆட்சேர்ப்புச் செலவில் அடங்கும் என்று அதே அமைப்பிடமிருந்து 2019இல் வந்த விளக்கம் இன்னும் தெளிவாக்கிவிட்டது. ஆகவே, "கமிஷன் வாங்கவே இல்லை சார், மெடிக்கல் செலவு மட்டும்தான்" என்பது பதிலே இல்லை.

எங்கள் துறையில் எல்லா நிறுவனங்களும் "தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை" என்று எழுதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது உண்மையும்கூட. நிறுவனம் வாங்குவதில்லை, நிறுவனத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று பேர் வாங்குகிறார்கள். சப்-ஏஜென்ட், அவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர், அவருக்கும் கீழே அந்த ஊரில் அறிமுகமான யாரோ ஒருவர். தொழிலாளிகள் அந்தக் கடைசி ஆளைத்தான் "அண்ணன்" என்பார்கள். எல்லாவற்றையும் அண்ணன் பார்த்துக்கொள்வார். கூட்டிக்கொண்டு வருவது, தங்க இடம் கொடுப்பது, வங்கிக் கணக்கு திறந்து தருவது, அந்த ஏடிஎம் கார்டைப் 'பத்திரமாக' வைத்துக்கொள்வது வரை.

பதிவு செய்யும் நாளில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் மட்டும் பேசினார், மற்ற நால்வர் சார்பிலும் படிவங்களை அவரே நிரப்பினார். உதவி செய்கிறார் போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். நால்வரில் ஒருவரிடம், நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசுகிறவரைத் திரும்பிப் பார்த்தார். தான் தூங்கி எழும் வீட்டின் முகவரியைச் சொல்ல ஒருவருக்கு அனுமதி வேண்டியிருந்தது. பேசுகிறவரை வேறு ஒரு சாக்குச் சொல்லி வெளியே உட்காரவைத்துவிட்டு, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைத்தோம். மொழிபெயர்ப்பாளர் அவர்கள் ஊர்க்காரராகவோ தெரிந்தவராகவோ இருக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். அன்று முதல் மூன்று பேர் எதையும் சொல்லவில்லை. நான்காவது ஆள், "கார்டு அவர்கிட்ட இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

சம்பளப் பட்டுவாடாவிலும் நிறையத் தெரியும். வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு. பலருக்கும் ஒரே தொலைபேசி எண். ஒரு வீட்டில் இருக்க முடியாத அளவு ஆட்களுக்கு ஒரே முகவரி. அவசரத் தொடர்பு என்று எல்லோரும் எழுதியிருக்கும் ஒரே பெயர். எக்செல்லில் அந்தக் கட்டங்களை வரிசைப்படுத்தினாலே இவை வெளியே வந்துவிடும். ஒவ்வொரு சம்பளச் சுற்றுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். பிரிட்டனில் 'ஆபரேஷன் ஃபோர்ட்' என்ற வழக்கில் 2019இல் ஒரு கும்பலுக்குத் தண்டனை கிடைத்தது. போலந்திலிருந்து ஏழைகளையும் வீடற்றவர்களையும் அழைத்துவந்து, 400 பேருக்கு மேல் சுரண்டியிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. அவர்கள் வேலை பார்த்தது மறைவான இடங்களில் இல்லை. ஆட்சேர்ப்பு முகமைகள் வழியாகச் சாதாரண நிறுவனங்களுக்குத்தான் போனார்கள். சம்பளம் கும்பலின் கையில் இருந்த கணக்குகளுக்குப் போனது. கும்பலைச் சேர்ந்த ஒருவர் ஆட்சேர்ப்பு முகமையிலேயே வேலையும் பார்த்தார். எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

ஒரே கணக்கு இருப்பதாலேயே குற்றம் என்று முடிவு கட்டவும் கூடாது. கணவன் மனைவி ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், நண்பர்கள் சேர்ந்து அறை எடுத்திருப்பார்கள். அதனால்தான் மறுபடியும் அந்த மனிதரிடமே போக வேண்டியிருக்கிறது.

அப்புறம், கேட்கும் விதம். "கமிஷன் கொடுத்தீர்களா? ஆம் / இல்லை" என்று படிவத்தில் அச்சிட்டால் எல்லோரும் 'இல்லை' என்றுதான் டிக் அடிப்பார்கள். அப்படி அடிக்கச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நான் கேட்பது வேறு மாதிரி. வீட்டிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேரும் வரை என்னென்ன செலவு ஆயிற்று? விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். போட்டோ, மெடிக்கல், ஃபாரம் நிரப்பியதற்கு, பஸ், டிக்கெட், அண்ணனுக்கு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. இன்னும் எவ்வளவு பாக்கி என்பது அதற்கும் அடுத்தது.

முதல் நாள் கேட்டால் பலர் சொல்ல மாட்டார்கள். வேலை கிடைக்குமா என்பதே அன்று பெரிய கவலை. முதல் சம்பளம் வந்த பிறகு ஒருமுறை, சில மாதம் கழித்து இன்னொருமுறை கேட்க வேண்டும். துப்புரவு வேலைக்கு வந்த ஒரு பெண் இரண்டு முறை ஒன்றுமில்லை என்றார். மூன்றாவது முறை பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். வாரம் தவறாமல் கட்டிய தொகை, தேதி, பக்கத்தில் வாங்கியவரின் இனிஷியல். ஒரு பக்கத்தில் தொகையைக் கூட்டிப் பார்த்து, அடித்து, மறுபடியும் கூட்டியிருந்தார். வாங்கிய கடனைவிடக் கட்டியது அதிகமாக இருந்தது, பாக்கியும் குறையவில்லை. "நான் கணக்கில் தப்புப் பண்ணிட்டேனா, மேடம்?" என்று கேட்டார். தப்பு அவருடைய கணக்கில் இல்லை என்று சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நல்ல மனசுக்காரர்கள்கூடச் சறுக்குகிறார்கள். அந்த ஏஜென்டைக் கூப்பிட்டு விசாரிப்பது முதல் ஆபத்து. அன்று இரவே தொழிலாளிகள் வேறு இடத்துக்கு மாற்றப்படலாம், ஊரிலிருக்கும் குடும்பத்துக்கு மிரட்டல் போகலாம். "நமக்கு எதற்கு வம்பு" என்று அந்த ஆட்களை உடனே வேலையிலிருந்து எடுத்துவிடுவது அதைவிடக் கொடுமை. சம்பளம் நின்றுவிடும், கடன் நிற்காது. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே போலீஸ். மற்றபடி, அவர்களின் சம்மதத்தோடு, அந்தந்த நாட்டில் இதற்கென்று இருக்கும் உதவி எண், தொண்டு நிறுவனம், தொழிலாளர் துறை வழியாகப் போக வேண்டும். விசா முடிந்துவிட்டது, கள்ள ஆவணத்தில் வந்தேன், என்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயப்படுபவர்கள் நிறையப் பேர். கட்டாயத்தின் பேரில் செய்தவற்றுக்காகப் பாதிக்கப்பட்டவர் மீது வழக்குத் தொடராமல் இருக்க அதிகாரிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்று, கட்டாய உழைப்பு உடன்படிக்கைக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. நாட்டுக்கு நாடு இதன் நடைமுறை வேறுபடும். ஆகவே தெரியாததை வாக்குறுதியாகக் கொடுக்காமல், தெரிந்தவரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சரி.

பாஸ்போர்ட் விஷயத்துக்குச் சாக்கே கிடையாது. "தொலைந்துவிடும் என்றுதான் வாங்கி வைத்தோம்" என்று சொல்லும் மேலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்குமிடத்தில் ஆளுக்கொரு லாக்கர் கொடுத்து, சாவியை அவரவரிடமே கொடுத்துவிடலாம்.

இத்தனையும் பேசிவிட்டு ரேட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மையில்லை. கிளையன்ட் ஒரு மணி நேரத்துக்குத் தரும் தொகையிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், காப்பீடு, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, பயணச் செலவு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த ஏஜென்சி எதை வைத்து நடக்கிறது? மீதியை யாரோ கொடுக்கிறார்கள், அது தொழிலாளிதான். தங்குமிட வாடகை என்று, சீருடைப் பிடித்தம் என்று, வேன் கட்டணம் என்று அது சம்பளச் சீட்டின் அடிப்பகுதியில் வந்து உட்காரும். போட்டி நிறுவனம் இதைவிடக் குறைந்த ரேட்டுக்கு ஆள் தருகிறது என்று கிளையன்ட் சொல்லும்போது, வாங்கும் பிரிவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

சட்டங்கள் ஓரளவு துணை நிற்கின்றன. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கம்ப் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏறிவந்த கடலில் மூழ்கி இறந்தார்கள். அதே ஆண்டில், விவசாயம், உணவு பதப்படுத்துதல், சிப்பி சேகரிப்பு ஆகிய வேலைகளுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. உரிமம் வலுவான கருவி, ஏனென்றால் அதைப் பறிக்க முடியும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்கள், அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவின்படி, "நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதினாலும் அறிக்கைக் கடமை தீர்ந்துவிடும். அறிக்கை எழுதுவதையே தடுப்பு வேலையாக நினைக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அந்த நோட்டுக்காரப் பெண்ணுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஏஜென்டிடமிருந்து வரவில்லை. அந்த ஏஜென்டோடு தொடர்பை முறித்துவிட்டு, எங்கள் நிறுவனமும் கிளையன்டும் பாதிப் பாதி ஏற்றோம். வீட்டில் வைத்திருந்தால் வந்து பிடுங்கிவிடுவார்கள் என்று அவர் பயந்ததால், அவர் மட்டும் கையாளும் புதுக் கணக்கு ஒன்றைத் திறக்க உதவி, அதில் போட்டோம். அவரோடு வந்த மற்றவர்களிடமும் கேட்டு, ஒவ்வொருவருக்கும் கணக்குப் பார்த்தோம். சிலர் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்களை அடுத்த சம்பளத்துக்குப் பிறகு மறுபடியும் தனியாகச் சந்திக்கிறோம். ஆட்சேர்ப்புச் செலவு இப்போது ரேட் ஷீட்டில் கிளையன்ட் கட்ட வேண்டிய தொகையாகத் தனித் தலைப்பில் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொன்ன ஒரு கிளையன்டுக்கு நாங்கள் ஆள் அனுப்பவில்லை.