குறள் 12-இல் ‘துப்பா’ எண்ணிய மாலை

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண், பி.காம். முடித்துவிட்டுப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஏரிக்கரையில் 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் நாள்தோறும் வகுப்புக்குப் போகிறாள். அதனால்தானோ என்னவோ, ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் பயிற்சிக்கு 1330 குறளையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்தாள்.

“அக்கா, லூப் ஓடுது. ஆனா எந்தச் சொல்லக் குடுத்தாலும் சைபர்னுதான் வருது” என்று ஞாயிறு மாலை மடிக்கணினியோடு இறங்கி வந்தாள். ஒவ்வொரு வரிக்கும் அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓடவைப்பதுதான் லூப்.

விடை தெரியாத பெரிய கோப்பில் பிழையைத் தேடுவது வீண் வேலை. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, கையால் எண்ணக்கூடிய ஒரே ஒரு குறளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

‘துப்பா’ முதல் வரியில் 4, இரண்டாம் வரியில் 1, ஆக 5 என்று விரல்விட்டு எண்ணினாள். கணினி 1 என்றது. அந்த ஒன்று கடைசி வரியின் கணக்கு என்பதை அவளே கண்டுபிடித்தாள். எண்ணிக்கையைச் சுழியமாக்கும் வரி லூப்புக்குள் இருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் பழைய கணக்கு அழிந்துகொண்டிருந்தது. பைத்தானில் எது லூப்புக்குள், எது வெளியே என்பதை வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியே தீர்மானிக்கிறது. அந்த வரியை லூப்புக்கு மேலே ஏற்றினாள்.

இப்போது 2 வந்தது. பைத்தானின் ‘இன்’ (in) என்ற சொல்லை வைத்து அவள் கேட்டது “இந்த வரியில் உண்டா?” என்பதுதான், நான்கு முறை இருந்தாலும் அதற்கு “உண்டு” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். ஒரு வரியில் எத்தனை முறை என்று சொல்லும் ‘கவுன்ட்’ (count) தரும் எண்ணைக் கூட்டியதும் 5 வந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கும் நிறைவாக இருந்தது.

பிறகு ஆர்வத்தில் ‘துப்ப’ என்று தேடினாள். அதற்கும் 5! நம் கண்ணுக்கு ‘பா’ ஓரெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடிலோ அது ‘ப’வும் அதை அடுத்து வரும் கால் குறியுமாக இரண்டு. ‘துப்பா’ மூன்றெழுத்து, ஆனால் அதன் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 6 என்கிறது. தமிழ் உரையைக் கையாளும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டியது இது. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எடுத்துக்காட்டோடு நின்றுவிடுகின்றன.

பொருந்திய இடத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் எண்ணாதே என்ற நிபந்தனையை அவளே எழுதினாள். ‘துப்ப’ 0, ‘துப்பா’ 5 என்று வந்த பிறகே 2660 வரிகளையும் திரும்பக் கொடுத்தாள்.