காலியாக இருந்த கீழ்வரிசை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய மையத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்தபோது, எம்-சாட் கேள்வித்தாளைக் கையில் எடுக்காத நாளே இருக்காது. 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளில் யாருக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும் என்று சலித்துப் பார்க்கும் தாள் அது. 2001-இல் 23 கேள்விகளோடு வந்தது. 2014-இல் திருத்தி 20 ஆக்கினார்கள். பெற்றோர் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். திருத்திய தாளில் சந்தேகம் தரும் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 3 முதல் 7 வந்தால் கூடுதலாகக் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். 8-ஐத் தொட்டால் நேராக முழுப் பரிசோதனைதான்.

"இது எந்த அளவுக்குச் சரியா இருக்கும் மேடம்?" என்று கேட்காத அம்மா கிடையாது. எனக்குப் பதில் தெரியவில்லை. புதுச்சேரியில் மேற்படிப்பு சேர்ந்ததும் அதையே தீசிஸ் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மெட்டா அனாலிசிஸ் செய்வது என்று முடிவு.

தேடல் சொற்களை முடிவு செய்தோம், திட்டத்தைப் பதிவு செய்தோம். நானும் ஒரு தோழியும் தனித்தனியாக ஆய்வுச் சுருக்கங்களைப் படித்து, ஒத்துப்போகாதவற்றைக் கைடிடம் கொண்டுபோனோம். அதெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற வேலை. சிக்கல் எக்செல்லைத் திறந்தபோதுதான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஆய்விலிருந்தும் நான்கு எண்கள் வேண்டும். மேல்வரிசையில் கேள்வித்தாளில் சிக்கிய குழந்தைகள். அவர்களில் ஆட்டிசம் உறுதியானவர்கள் எத்தனை பேர், இல்லாதவர்கள் எத்தனை பேர். கீழ்வரிசையில் சிக்காமல் போனவர்கள், அவர்களுக்கும் இதே இரண்டு கணக்கு. மேல்வரிசை சுலபமாகக் கிடைத்தது. கீழ்வரிசை பல ஆய்வுகளில் காலி. சிக்காத குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்புறம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் யாருக்குமே ஆட்டிசம் இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், தவறவிட்ட குழந்தைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கண்டுபிடிக்கும் திறன், அதாவது சென்சிடிவிட்டி, இருப்பதைவிட உயர்ந்து தெரியும்.

இது புரியாமல் ஒரு மாதம் முழுக்க எண்களை அப்படியே ஏற்றிவிட்டேன். கைடு பார்த்துவிட்டு, "சிக்காத பிள்ளைங்களைத் திரும்பப் பார்த்தாங்களான்னு ஒவ்வொரு பேப்பர்லயும் தேடும்மா" என்றார். அன்று கடலூர் பஸ்ஸில் கிருமாம்பாக்கம் தாண்டும்வரை அழுகை நிற்கவில்லை. மறுநாள், ஆய்வின் தரத்தை எடைபோடும் குவாடாஸ்-2 படிவத்தை வைத்துக்கொண்டு முதல் ஆய்விலிருந்து மறுபடி தொடங்கினேன்.

சென்சிடிவிட்டியையும், ஆட்டிசம் இல்லாத குழந்தையைச் சரியாக விலக்கும் திறனான ஸ்பெசிபிசிட்டியையும் தனித்தனியாகச் சராசரி எடுக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் வலை மாதிரிதான். கண்ணைச் சிறிதாக்கினால் தப்பிக்கிற மீன் குறையும், கூடவே வேண்டாததும் ஏறும். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைவதால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

2023-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் எம்-சாட் பற்றி 50 ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா அனாலிசிஸ் வந்தது. சென்சிடிவிட்டி 0.83, ஸ்பெசிபிசிட்டி 0.94. பார்க்க நல்ல எண்கள். 1,000 குழந்தைகளில் 20 பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த 20 பேரில் சுமார் 17 பேர் சிக்குவார்கள். மீதி 980 பேரிலும் சுமார் 59 பேர் சிக்குவார்கள். ஆக, சிக்கிய 76 பேரில் ஆட்டிசம் உள்ளவர்கள் 17 பேர்தான். தாளில் சிக்கியதுமே உடைந்துபோய் அழுத அம்மாக்களிடம் இதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

விடுமுறையில் மையத்துக்குப் போயிருந்தபோது தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா பையனோடு வந்திருந்தார். "வேணுங்கறத கை காட்டிக் கேப்பானாம்மா?" என்றேன். "ஓ, காட்டுவானே" என்றார். மேசைமேல் பிஸ்கட் டப்பாவை வைத்தேன். பையன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவர் கையை டப்பாவின்மேல் வைத்தான். சுட்டுவிரல் நீளவே இல்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கேள்வித்தாளில் ஒரு விரலால் சுட்டுவது என்றுதான் இருக்கிறது, என் வாயில் அது கை காட்டுவதாகிவிட்டது. இப்படி நாலைந்து கேள்விக்கு 'ஆம்' விழுந்தால் அந்தப் பையன் நேராகக் கீழ்வரிசைக்குப் போய்விடுவான்.

தீசிஸ் முடித்து மையத்துக்குத் திரும்பியதிலிருந்து, சிக்காத குழந்தைகளின் பெயரையும் போன் நம்பரையும் தனி நோட்டில் எழுதுகிறேன். 18 மாதத்தில் பார்த்தவர்களை 24 மாதத்தில் மறுபடி அழைக்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் இந்த இரண்டு வயதிலும் பார்க்கச் சொல்கிறது. போன வாரம் அப்படி அழைத்தபோது ஓர் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்னாடி தண்ணி, அத்தைன்னு சொல்லுவான் மேடம். இப்ப அதுவும் சொல்றதில்ல" என்றார். வியாழக்கிழமை காலையிலேயே கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.